குமிழ் சுடுகிறதா?

தளி
8-6-2025, ஞாயிறு

என் மகள் காவியாவுக்கு அப்பா திம்மப்பன் எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்து மன்னித்துக்கொள். ஒரு எழுத்து பெரிதாக வருகிறது, பக்கத்து எழுத்து சின்னதாகப் போகிறது. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் மேய விட்ட ஆடு மாதிரி கோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. அறுபத்தெட்டு வயது வரை மண்வெட்டி பிடித்த கை. இந்தப் பக்கத்துக்கு மூன்று சாயங்காலம் ஆகியிருக்கிறது. நீ படிக்க மூன்று நிமிடம் ஆகுமா? மெதுவாகப் படி.

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது.

முதியோர் வகுப்பில் ராஜலட்சுமி டீச்சர், ஆளுக்கொரு கடிதம் எழுதி நிஜமாகவே தபால் பெட்டியில் போட வேண்டும் என்று சொன்னார். எனக்கு எழுத உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? போன வாரம் பேங்குக்குப் போனேன். அங்கே கவுன்ட்டரில் இருக்கும் மேடம் பழக்கத்தில் மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். தி. திம்மப்பன் என்று போட்டேன். வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கைநாட்டு வைக்கிற வேலை அன்றோடு முடிந்தது, கண்ணு.

போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. புதிது அனுப்பாதே. இனிமேல் கடிதம்தான்.

நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட கேஸ் கிரில் பத்திரமாக வந்தது. ரோட்டு வளைவில், நான் சோளக்கதிர் சுட்டு விற்கும் இடத்திலேயே வைத்தேன். பூட்டினால் பெட்டி, திறந்தால் அடுப்பு. மூடி பின்பக்கம் நிமிர்ந்து காற்றை மறைக்கிறது. முன்னால் இருக்கும் கறுப்புக் குமிழைத் திருப்பினால் தீ கூடுகிறது, குறைகிறது. கரி ஊதி ஊதி இருமிய நெஞ்சுக்கு இது பெரிய ஓய்வு. அம்மா மட்டும், "டிப்ளமா படிச்சு அடுப்புதான் செஞ்சாளா உம் மக? அதை நான் படிக்காமயே மண்ணுல செய்வேனே" என்கிறாள். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. அவளுக்குப் பெருமைதான்.

பதில் கடிதமாகப் போடு.

அப்பா,
தி. திம்மப்பன்


ஓசூர்
19-6-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று நிமிடத்தில் முடியவில்லை, மூன்று முறை படித்தேன். நான் நலம். சாப்பிடுகிறேன், வேளைதான் ஷிப்டுக்கு ஏற்ப மாறுகிறது. அம்மாவை வெயிலில் உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

இது படம் வரைந்து வீணான தாள். பின்பக்கம் திருப்பினால் உங்கள் கிரில்லின் கால்கள் தெரியும்.

ஐந்து வாரமாக ஞாயிறு விடுப்பு இல்லை. தளி இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனாலும் வர முடியவில்லை. அறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் விழுகிறேன்.

கிரில் விஷயம் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் செய்வது பிராக்கெட். மோட்டார் சைக்கிளில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் சின்னத் தகடு. மூன்று வருடம் அதைத்தான் வரைந்தேன். முதலாளிக்குச் சொந்தமாக ஒரு பொருள் விற்க ஆசை வந்தபோது, வெளியில் கொண்டுபோய்ச் சமைக்கும் கிரில் செய்யலாம் என்று நான்தான் படம் கொடுத்தேன். மூன்று பெட்டி செய்து வெளியாட்களிடம் கொடுத்தோம். ஒன்று மேனேஜர் வெங்கட் சாரின் நண்பர் வீட்டில் திறக்காமல் கிடக்கிறது. கிருஷ்ணகிரி ஓட்டல்காரர் ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிட்டார். வெளியில் வைத்தால் தீ ஒழுங்காக நிற்பதில்லை என்றார். மூன்றாவதுதான் உங்களிடம் இருப்பது.

ஓட்டல்காரர் போன பிறகு வெங்கட் சார், "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா ஃபைலை மூடிரலாம்மா. நீ பழையபடி பிராக்கெட் லைனுக்கே போயிரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்.

எனக்கென்று நான் வரைந்தது இது ஒன்றுதான். அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். எரிகிறதை எரிகிறபடி எழுதுங்கள், கம்பெனிக்கு எழுத்தில்தான் வேண்டும்.

காவியா


தளி
29-6-2025, ஞாயிறு

மகள் காவியாவுக்கு அப்பா.

இங்கே சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படு, பாதத்துக்குக் காற்று வேண்டும்.

உன் கடிதத்தை நானே படித்து அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஓட்டல்காரர் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். அவளுக்கு எதற்கு?

கம்பெனிக்கு எழுத்தில் வேண்டும் என்றாய். இதோ.

கிரில் மிக நன்றாக எரிகிறது. ஒரு கதிர் சுட நாலு நிமிடம். கருகாமல் எல்லாப் பக்கமும் பொன்னாக வருகிறது. போன ஞாயிறு பெங்களூர்ப் பிள்ளைகள் பைக்கில் வந்தார்கள். ஒருவன் கன்னடத்தில், "அஜ்ஜா, இதென்ன சூட்கேஸ்? ஊரை விட்டு ஓடப் போறீங்களா?" என்று கேட்டான். "சூட்கேஸ் இல்லப்பா, இதுக்குள்ளதான் எம் மவ இருக்கா" என்றேன். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது என்னை அல்ல, கிரில்லை.

காற்று கொஞ்சம் உண்டு. ஆனி மாதம் மேட்டில் காற்று இல்லாமல் இருக்குமா? ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தீர்ந்தது. அதைக் கம்பெனியில் படிக்க வேண்டாம்.

அம்மா என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது கடிதத்துக்கு உரியது இல்லை.

என் எழுத்து தேறிவிட்டது, கவனித்தாயா? டீச்சர் நட்சத்திரம் போட்டார். முதல் கடிதத்துக்கு மூன்று நாள். இதற்கு ஒரே நாள்.

தி. திம்மப்பன்


ஓசூர்
8-7-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், தளியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வெங்கட் சார் மீட்டிங்கில் படித்தார். "இதுக்குள்ளதான் எம் மவ இருக்கா" என்ற இடத்தில் முதலாளியே சிரித்துவிட்டார். இரண்டு மாதத்தில் அந்த அறையில் யாராவது சிரித்தது அன்றுதான். "கேட்டா ஒழுங்கா எழுதுற ஒரே ஆள் இவர்தான்" என்று வெங்கட் சார் உங்கள் கடிதத்தை ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறார்.

அதனால் வேலை வேகமாகிவிட்டது. ஆகஸ்ட் 18 திங்கள் அன்று டைக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறார்கள். டை என்றால் தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் இரும்பு அச்சு. அதை வெட்டிவிட்டால் பிறகு ஒரு ஓட்டையைக்கூட இடம் மாற்ற முடியாது. முதலில் இரண்டாயிரம் பெட்டி.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஆறு கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஐந்தாவது கேள்வி நானே சேர்த்தது. குமிழ் சுடுகிறதா?

வேறு எழுத ஒன்றும் தோன்றவில்லை. கண் எரிகிறது.

காவியா


தளி
20-7-2025

காவியாவுக்கு அப்பா.

சுகம். படிவம் இதோடு இருக்கிறது. ஆறுக்கும் எழுதிவிட்டேன். தீ அணைகிறதா, இல்லை. கால் ஆடுகிறதா, இல்லை. குமிழ் சுடுகிறதா, இல்லை. கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பேனா புதிது, வழுக்குகிறது. அதனால்தான் இப்படி.

இந்த மாதம் நீ வர வேண்டாம். மழை வருகிறது, பஸ் சரியாக இல்லை. போன் வேண்டாம் என்று முன்பே சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம்.

தி. தி.


ஓசூர்
30-7-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

படிவம் வந்தது. உடனே வெங்கட் சாரிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு அறைக்கு வந்து உங்கள் மூன்று கடிதத்தையும் கட்டில் மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் எழுத்து பெரிது, ஆனால் அழுத்தமாக நிற்கிறது. இரண்டாவது அழகு. மூன்றாவதில் பேனா தாளைத் தொடவே பயப்படுகிற மாதிரி இருக்கிறது. பேனா புதிதென்றால் இப்படியா ஆகும்? வகுப்புக்குப் போகிறீர்களா? ஜுரம் ஏதாவதா?

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து நாலு முறை கால் வந்திருந்தது. போனைக் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஷிப்டு முடிந்துதான் பார்த்தேன். திரும்ப அடித்தால் டவர் இல்லை என்கிறது. பக்கத்து வீட்டு சாந்தம்மாக்காவின் எண்ணோ என்று ஒரு நினைப்பு. அப்புறம் தூங்கிவிட்டேன்.

வருகிற ஞாயிறு வரப் பார்த்தேன். ஓவர்டைம் போட்டிருக்கிறார்கள். அதற்கடுத்த ஞாயிறும்தான்.

ஒரு வரியாவது எழுதுங்கள். கிரில்லைப் பற்றி வேண்டாம்.

காவியா


தளி
6-8-2025, புதன்

மகளுக்கு அப்பா எழுதுவது.

ஜுரம் இல்லை, ஒன்றும் இல்லை. வகுப்புக்குப் போகிறேன். வயதானால் எழுத்து ஒரு நாள் நன்றாக வரும், ஒரு நாள் வராது. நீ அதையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்க்காதே. தூங்கு.

கிரில் நன்றாக இருக்கிறது. இரண்டாயிரம் பெட்டி என்று நினைக்கும்போது ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரியையும் பார்க்கிறேன், அதில் போகுமோ என்று.

இன்று அம்மாவும் எழுத வேண்டும் என்கிறாள். அவள் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா சொல்கிறாள்: முழங்கால் பரவாயில்லை. அவரைக்காய் நன்றாகக் காய்க்கிறது. நீ சாப்பிடு.

"இவ்ளோ நேரம் சொன்னேனே, ஒரு விரக்கடை எழுத்துலயா அடங்கிருச்சு?" என்று கேட்கிறாள். எழுத்து என்றால் அப்படித்தான், பேச்சு நீளம், எழுத்து குறுக்கம் என்றேன். "படிச்சுக் காட்டு" என்றாள். காட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது, "சரி, கவரையாவது என்கிட்ட குடு, நான் ஒட்டி நானே பெட்டில போட்டுட்டு வரேன்" என்கிறாள். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுவாள். பிரிக்கும்போது கிழியாமல் பார்த்துப் பிரி.

தி. திம்மப்பன்


ஓசூர்
14-8-2025, வியாழன்

அப்பா,

கவர் தடிப்பாக வந்தது. தபால்காரர் கூடுதல் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். உள்ளே உங்கள் கடிதம் இருந்தது. அதோடு அம்மாவின் பச்சைப் புடவைத் துணியில் தைத்து ஒன்று இருந்தது. தையலைப் பிரித்தேன்.

குமிழ்.

பாதி உருகி ஒரு பக்கமாக வழிந்து இறுகியிருக்கிறது. நான் வரைந்த குமிழில் பிடிப்புக்காகப் பதினெட்டு வரி உண்டு. இதில் ஏழு மிச்சம். மற்ற இடத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ரேகை தெரிகிறது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கட்டை விரல் ரேகை. கைநாட்டை விட்டுவிட்டேன் என்று எழுதினீர்களே.

நான்தான் சாந்தம்மாக்கா போனில் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். டவர் கிடைக்கும் வரை திரும்பத் திரும்ப அடித்திருக்க வேண்டும். தூங்கிவிட்டேன் என்று எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை உங்களுக்கு எழுதவில்லை. மே மாதம் ஷெட்டுக்குள் சோதித்தபோது, மூடிக்குப் பின்னாலிருந்து ஃபேன் ஓடினால் குமிழ் சூடானது. கை வைத்தேன், எடுத்துவிட்டேன். ஃபேனை நிறுத்திவிட்டுச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதினேன். வெளியில் யார் ஃபேன் வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஓட்டல்காரர் சொன்னபோதும் புரிந்தது. படிவத்தில் அந்த ஐந்தாவது கேள்வியை எதற்குச் சேர்த்தேன் தெரியுமா? நான் கேட்டது கேள்வியே இல்லை அப்பா. இல்லை என்ற பதிலைக் கேட்டேன். நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

ஞாயிறு வருகிறேன். ஓவர்டைம் போட்டிருந்தாலும் வருகிறேன். திங்கள் காலை இந்தக் குமிழ் வெங்கட் சார் மேஜையில் இருக்கும்.

கையைத் துண்டுக்குள் மறைக்காதீர்கள்.

காவியா


தளி
24-8-2025, ஞாயிறு

என் மகள் காவியாவுக்கு அப்பா எழுதுவது.

நீ வந்து போன பிறகு இங்கே சுகம். ஓசூரில் வாங்கி வந்த களிம்பை அம்மா வேளை தவறாமல் போடுகிறாள். போடும்போது திட்டுகிறாள். இரண்டும் சேர்த்துத்தான் மருந்து.

நீ வந்த அன்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டை விரலையும் பக்கத்து விரலையும் பிடித்துப் பார்த்தாய். பிறகு அம்மா வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாய். கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுப்பினோம். எனக்கும் வாய் வரவில்லை. எழுத்தில் வரும் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். எரிந்ததை எரிந்தபடி.

ஜூலை 13, ஞாயிறு. மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். பைக்கில் நாலு பேர், எட்டுக் கதிர் கேட்டார்கள். காற்று மேற்கிலிருந்து, பலம். நீ வைத்த மூடி அதைத் தடுத்தது உண்மை. ஆனால் தடுத்த காற்று சும்மா போகவில்லை. மூடிக்கு மேலே ஏறி, முன்பக்கம் இறங்கிச் சுழன்றது. தீ கம்பி வலைக்கு மேலே வராமல், அடியில் படுத்து, முன் தகட்டில் இருக்கும் ஓட்டை வழியாக நாக்கு நீட்டியது. குமிழுக்கு நேர் மேலே. ஜூன் முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான். அதற்குத்தான் சாக்குப் பிடித்து உட்கார்ந்தேன். அன்று இரண்டு கையாலும் கதிர் திருப்ப வேண்டியிருந்தது, சாக்கை விட்டேன்.

தீயைக் குறைக்கலாம் என்று குமிழைப் பிடித்தேன். வெல்லப் பாகு மாதிரி இருந்தது. விரலோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், குமிழே கையோடு வந்துவிட்டது. இடது கையால் சிலிண்டரை மூடினேன். அந்தப் பிள்ளைகள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் என் கையில் ஊற்றினார்கள். ஒருவன், "அஜ்ஜா, கம்பெனிக்குக் கம்ப்ளெயின்ட் கொடுங்க, சும்மா விடாதீங்க" என்றான். "கம்பெனியே எம் மவளோடதுதான்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். காசு வாங்காமல் கதிர் கொடுத்தேன். பாதிதான் வெந்திருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து குமிழ் இருந்த கம்பியைக் கட்டிங் பிளேயரால் திருப்பினேன். படிவம் வந்தபோது நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவை இடுக்கிக்கொண்டு எழுதினேன். குமிழ் சுடுகிறதா? குமிழே இல்லை, அப்புறம் எங்கே சுடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இல்லை என்று எழுதினேன். அது நான் வாழ்நாளில் போட்ட நாலாவது கையெழுத்து. பேங்கில் ஒன்று, உன் கடிதத்தில் இரண்டு, அப்புறம் அது. கைநாட்டு வைத்த காலத்தில் யாராவது எழுதி வைத்திருந்த பொய்யில் விரல் வைத்திருப்பேன். நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட பொய் இதுதான் முதல்.

அம்மா குமிழை அடுக்குப் பானையில் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. "எழுதத் தெரிஞ்சவரு எழுதல. நான் தெரிஞ்ச மாதிரி எழுதினேன்" என்றாள்.

ஃபைலை மூடிவிட்டார்களா? உன்னைத் திட்டினார்களா? அதை எழுது. நான் இங்கே அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தி. திம்மப்பன்


ஓசூர்
11-9-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பதில் தாமதம். மூன்று வாரமாக எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

திட்டவில்லை. வெங்கட் சார் குமிழைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பள்ளத்தில் தன் கட்டை விரலை வைத்துப் பார்த்தார். "யாரோட விரலும்மா இது?" என்று கேட்டார். "எங்க அப்பாவோடது சார்." "யாரு, அந்தத் தளிப் பெரியவரா? நல்லாத்தானே எழுதினாரு?" மே மாத ரிப்போர்ட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். குமிழை மேஜையில் வைத்துவிட்டு, "ரெண்டாயிரம் பேரு" என்றார். டைக்கு ஆர்டர் போகவில்லை.

ஃபைலை மூடிவிட்டார்கள். நான் பிராக்கெட் லைனுக்குத் திரும்பிவிட்டேன். முதலாளி இப்போது என்னைத் தாண்டிப் போகும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே லாபம், பிராக்கெட் லைனுக்கு ஞாயிறு விடுப்பு உண்டு. முதல் ஞாயிறு முழுவதும் தூங்கினேன். இரண்டாவது ஞாயிறும் தூங்கினேன். மூன்றாவது ஞாயிறு பென்சில் எடுத்தேன்.

மூடியின் உயரத்தைக் குறைத்து அதில் துளைகள் போட்டிருக்கிறேன். காற்றை முட்டி நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடலாம் என்று பார்க்கிறேன். முன் ஓட்டையை அடைத்துவிட்டேன். குமிழ் இப்போது முன்னால் இல்லை, வலப் பக்கத்தில் ஒரு தடுப்புத் தகட்டுக்குப் பின்னால். இரும்பு. பட்டறையில் ஜோதிமணியக்கா நாலு நாள் சாப்பாட்டு நேரத்தில் தகடு வளைத்துக் கொடுத்தார். வெங்கட் சார் பார்த்தார். "லஞ்ச் டைம்ல என்னமோ பண்ணுங்க, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டியை வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். எரித்துப் பார்ப்பதானால் சாந்தம்மாக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எரியுங்கள். கையில் ஈரத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். முடியாதென்றால் மூலையில் வைத்துவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

இதற்குப் படிவம் இல்லை, மீட்டிங் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. குறையை மட்டும் எழுதுங்கள். நன்றாக எரிகிறது என்று எழுதினால் நான் படிக்க மாட்டேன்.

காவியா


தளி
28-9-2025, ஞாயிறு

மகள் காவியாவுக்கு அப்பா திம்மப்பன் எழுதுவது.

கையெழுத்து மறுபடியும் கோணல். கட்டை விரல் நுனி இன்னும் மடங்கவில்லை. இந்த முறை பேனா மேல் பழி போடவில்லை. இதற்கு நாலு சாயங்காலம் ஆகியிருக்கிறது. முதல் கடிதத்தைவிட ஒன்று கூடுதல்.

நாங்கள் சுகம். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குகிறாய் என்று படித்ததும் அம்மா முகத்தில் ஒரு தெளிச்சி. ஓட்டல்காரர் பேச்சையும் சேர்த்து உன் கடிதம் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள்.

புதுப் பெட்டி வந்தது. குறைகளை எழுதுகிறேன்.

கால் மெலிவு. ஈர மண்ணில் ஒரு பக்கமாகப் புதைகிறது. கல் வைத்தேன். மூடியைத் திறக்கும்போது கிறீச் என்கிறது. சாந்தம்மா வீட்டுக் கோழி எழுந்து ஓடுகிறது. நீ போட்ட துளைகளில் காற்று புகுந்து சீட்டி அடிக்கிறது. நேற்று பைக்கில் போன ஒருவன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வண்டியை நிறுத்தினான். நிறுத்தினதுக்கு இரண்டு கதிர் வாங்கினான், அது வேறு. கதிர் வேக ஆறு நிமிடம் ஆகிறது, பழையதில் நாலுதான். போன சனிக்கிழமை தீ இரண்டு முறை அணைந்தது. ஞாயிறு ஒரு முறை. அணைந்ததும் சிலிண்டரை மூடி, நூறு எண்ணிவிட்டு மறுபடியும் பற்ற வைத்தேன். எனக்கு நூறு வரை தடுமாறாமல் வருகிறது.

குமிழ். தீ முழுதாக எரியும்போது, மேல்காற்றில், ஈரத் துணி இல்லாமல் இடது கையால் பிடித்தேன். துணி சுற்றச் சொன்னாய் என்று தெரியும். துணியோடு பிடித்தால் உனக்கு என்ன எழுதுவது? முப்பது எண்ணும் வரை விடவில்லை. சுடவில்லை. வெதுவெதுப்பு உண்டு. அதையும் எழுதிக்கொள். அம்மாவும், "தள்ளு, நீ சொன்னா யாரு நம்புவா?" என்று வந்து பிடித்தாள். அவள் நாற்பது எண்ணினாள்.

இனிமேல் நான் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டாமல் கவர் ஒட்டக் கூடாது என்பது இங்கே சட்டம். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டேன். "கோழி சமாச்சாரம் எதுக்கு?" என்றாள். குறை என்றால் எல்லாக் குறையும்தான் என்றேன். சரி என்று, மை டப்பா வாங்கி வரச் சொன்னாள். கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீலமாக இருப்பது அவளுடைய கட்டை விரல். கொஞ்சம் அழுத்திவிட்டாள், பின்பக்கமும் தெரியும்.

நாளையிலிருந்து மழைக் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடிக்கும் என்கிறார்கள். குமிழ் இருக்கும் வலப் பக்கம் அந்தக் காற்றுக்கு எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதில் வைத்து எரித்துப் பார்த்து, அடுத்த வாரம் வியாழக்கிழமை தபால் எடுப்பதற்குள் எழுதிப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். எத்தனை முறை அணைந்தது என்று எண்ணியே எழுதுகிறேன்.

தி. திம்மப்பன்
நாராயணம்மா, கைநாட்டு